கோப்பின் தலையில் ஒரு சுழி

மரியத்துக்கு நான் தர வேண்டியிருந்தது இருநூற்றுப் பதினான்கு வெள்ளி அறுபது காசு. நாலு நம்பர் லாட்டரியில் விட்ட காசு இல்லை, குடித்த காசும் இல்லை. சங்கத்துக்கு வெப்சைட் போடப் போய் என் தலையில் விழுந்த கடன்.

மரியம் மலாக்காவில், காஜா பெராங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். முன்பக்கம் ஜெராக்ஸ், போன் ரீலோட். பின்பக்கம் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். மற்றவர்கள் விளையாட வருவார்கள், நான் தமிழ் தட்டப் போவேன். எனக்கு எழுத்து வந்ததே நாற்பதை நெருங்கும்போது, கோயில் மண்டபத்தில் நடந்த பெரியவர்கள் வகுப்பில். கையால் எழுதினால் என் எழுத்து குடித்தவன் நடப்பது போல இருக்கும். கம்ப்யூட்டரில் தட்டினால் வாத்தியார் எழுத்தும் என் எழுத்தும் ஒன்றுபோல நிற்கும். அது பிடித்துப்போய்தான் அங்கே போக ஆரம்பித்தேன். அந்தப் பழக்கமே வம்பாகிவிட்டது.

எங்களுடையது மரண சகாயச் சங்கம். மாதச் சந்தா கட்டினால், வீட்டில் ஒரு சாவு என்றால் சங்கம் பணமும் கொடுக்கும், ஆளும் அனுப்பும். ஆனால் உறுப்பினர்கள் செமாபோக்கில் கொஞ்சம், புக்கிட் ரம்பாயில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தார்கள். பூங்காவனம் அக்காள் இறந்தபோது பாதிப் பேருக்குச் சேதியே போகவில்லை. சவப்பெட்டியைத் தூக்க ஆள் பத்தாமல், சவப்பெட்டிக் கடைக்காரரின் லோரி டிரைவரையே கூப்பிட்டுத் தோள் கொடுக்கச் சொன்னோம். அடுத்த கூட்டத்தில் தலைவர் கலியாணசுந்தரம் எழுந்து, சேதி போடச் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்றார்.

"ஃபேஸ்புக்ல போட்டா பத்தாதா தலைவரே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அதுல சாவுச் சேதிக்குக் கீழ பிரியாணிப் படம் வருதுய்யா. சங்கத்துக்குன்னு தனியா ஒரு எடம் வேணும்."

"யாரு செய்யறது?"

"நம்ம நல்லையா இருக்கானே. தினமும் மரியம் கடையில கம்ப்யூட்டர் தட்டுறானே."

நான் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு ஸ்டோரில் பெட்டி தூக்குகிறவன். காலையில் லோரியில் ஏற்றுவது, மாலையில் இறக்குவது. தமிழ் தட்டத் தெரிந்தால் வெப்சைட் போடத் தெரியும் என்று ஆகிவிடுமா? சொல்லிப் பார்த்தேன். தலைவர் கேட்கவில்லை.

"மொத நீ செலவு பண்ணி முடி. ஆண்டுக் கூட்டத்துல எல்லாருக்கும் தொறந்து காட்டு. தொறந்தா சங்கம் காசு குடுக்கும். தொறக்கலன்னா நீ பழகிக்கிட்டதுக்கு நீதான் குடுத்துக்கணும்."

சொன்னதோடு விட்டாரா? பெயரை முடிவு செய்த மறுநாளே சந்தா ரசீதின் அடியில் வெப்சைட் முகவரியை அச்சடித்துவிட்டார். கட்டாத வீட்டுக்குக் கதவு எண் கொடுத்தது போல.

வெப்சைட்டின் பெயருக்கும், அதை வைக்க ஒரு கம்பெனி கொடுக்கும் இடத்துக்கும் ஒரு வருடக் கட்டணம் கார்டில்தான் கட்ட வேண்டுமாம். என்னிடம் கார்டு கிடையாது. மரியம்தான் தன் கார்டைக் கொடுத்தாள்.

"அண்ணே, எங்க வீட்டாளுக்குத் தெரியாம குடுக்கறேன். மாசக் கடைசில பில்லு வரும். அதுக்குள்ள குடுத்துருங்க, இல்லாட்டி நான் பேச்சு வாங்கணும்."

ஆண்டுக் கூட்டம் மாதக் கடைசி ஞாயிறு. கணக்கு சரியாகத்தான் இருந்தது, திறந்தால்.

வேலை முடிந்து உப்புப் பூத்த சட்டையோடு போய் உட்கார்ந்தேன். சாஃப்ட்வேரை இறக்குவது, விரிப்பது, கம்பெனி கொடுத்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது. ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டியை மரியம் அச்சடித்துக் கொடுத்தாள். அவள் வாசிப்பாள், நான் செய்வேன். இருவருக்கும் பாதிதான் புரியும். அவளுக்குப் புரியாத பாதி எனக்கும் புரியாது. பெட்டி தூக்கி வீங்கிய விரலுக்கு மவுஸ் ஒரு நிமிடம் அடங்கும், ஒரு நிமிடம் ஓடும்.

கடைசியில் ஒரு சின்னக் கோப்பு வந்தது. கான்ஃபிக் என்று பெயர். சங்கத்துச் சேதியெல்லாம் தங்கப்போகிற கிடங்கின் பெயரையும் அதன் பாஸ்வேர்ட் சாவியையும் நம் கையால் எழுத வேண்டிய கோப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரோ எழுதி வைத்தது. திறந்தேன். முதல் வரியில் சாய்ந்த கொம்பு ஒன்றும் கேள்விக்குறி ஒன்றும் நின்றன. கர்சரை அதற்கும் முன்னால் கொண்டுபோய் உ என்று போட்டு, ஒரு வரி இறக்கினேன். பிறகுதான் கிடங்கின் பெயரை எழுதினேன். கடைக்குச் சாமான் எழுதினாலும் தலையில் உ போடுகிறவர்கள் நாங்கள். வகுப்பில் வாத்தியார் முதல் நாள் கையைப் பிடித்து எழுத வைத்தது அ கூட இல்லை, அதுதான்.

சேமிக்கும்போது நோட்பேட் ஏதோ கேட்டது.

"இப்படியே சேமிச்சா தமிழ் எழுத்து காணாமப் போயிரும்னு சொல்லுதுண்ணே," என்றாள் மரியம். "கீழ யூடிஎஃப்னு ஒன்னு இருக்கு பாருங்க. அத எடுங்க. அப்பத்தான் தமிழ் நிக்கும்."

எடுத்தேன். நின்றது.

முதலில் கிடங்கோடு தொடர்பு இல்லை என்று வந்தது. அதைத் தேடி இரண்டு சாயங்காலம் போயிற்று. கிடங்குக்கு நாம் வைத்த பெயருக்கு முன்னால் கம்பெனி தன் பங்குக்கு ஒரு பெயரை ஒட்டியிருந்தது. அதையும் சேர்த்து எழுத வேண்டுமாம். மரியம்தான் கண்டுபிடித்தாள். எழுதினேன். பக்கம் திறந்தது. வெள்ளைத் திரை, சங்கத்தின் பெயர், அதற்கும் மேலே இடது மூலையில் சின்னதாக ஒரு உ.

தலைவரை வரச் சொன்னேன். வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"அட, பிள்ளையார் மொத ஆளா வந்து நிக்கிறாரே! அப்புறம் என்ன? நடத்து."

ஆனால் நடக்கவில்லை. வாசல் தெரிந்ததே தவிர உள்ளே போக முடியவில்லை. சேதி எழுத வேண்டுமானால் பெயரும் சாவியும் கொடுத்து உள்ளே போக வேண்டும். கொடுத்தால், சிவப்புக் கோடு போட்ட பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து திரும்பவும் வாசலிலேயே நிறுத்தியது. மரியம் வாசித்தாள்.

"எதிர்பாக்காத என்னமோ வெளிய வந்திருச்சாம். அதனால குக்கீய தடுத்துட்டாங்களாம்."

"குக்கீன்னா?"

"பிஸ்கட்டுண்ணே."

"பிஸ்கட்ட ஏன் தடுக்குது? நான் இன்னும் தேத்தண்ணி கூட குடிக்கல."

அவள் சிரித்தாள். அன்றைக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

பிறகு ஒரு வாரம் முழுக்க அந்த வாசலில்தான் கிடந்தேன். பிஸ்கட்டையெல்லாம் அழித்துப் பார்த்தோம். வேறு பிரௌசரில் திறந்தோம். அடுத்த கம்ப்யூட்டரில் திறந்தோம். சாவியை மாற்றினோம். கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டால், மலாய்க்காரத் தம்பி ஒருவர் அங்கிருந்தே பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூலையில் இருக்கும் லோகோ அழகாக இருக்கிறது என்றார். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். அணைத்துப் போட்டேன். மறுநாள் சீனப் பெண் ஒருத்தி எடுத்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொன்னாள்.

முதலிலிருந்து போட்டேன். இறக்கி, விரித்து, கொண்டுபோய் வைத்து, அந்தச் சின்னக் கோப்பைத் திறந்து, தலையில் உ போட்டு. இந்த முறை தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வெறும் உ மட்டும் போட்டா எப்படி? முருகன் துணைன்னு கீழ போடு. ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கட்டும்."

போட்டேன். வெப்சைட்டின் மூலையில் இரண்டு வரியும் அழகாக வந்து நின்றன. சிவப்புப் பெட்டியும் வந்து நின்றது.

வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிள் கூடத் தானாகத்தான் ஓடியது. நான் ஓட்டிய நினைவில்லை. என் மனைவி சந்திரமதி சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். பத்து வருடமாகக் கிளினிக்கில் தரை துடைக்கிறவள். களைத்த ஆளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

"எவ்வளவு?"

சொன்னேன். தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஓவர்டைம் குடுப்பாங்களா, கேட்டுப் பாருங்க."

கூட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம் செமாபோக்கிலிருந்து போன் வந்தது. அப்பாசாமி தவறிவிட்டார். கூரை வேலை செய்தவர். சங்கத்தில் யார் செத்தாலும் பாடையோ பெட்டியோ, முன்னால் நின்று தூக்குகிற ஆள். எடுப்பது மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு. அவர் மனைவி சாரதாம்பாள் அழுகைக்கு நடுவே கேட்டார்:

"தம்பி, ரசீதுல என்னமோ போட்டிருக்கீங்களே, அதுல போட்டா எல்லாரும் பாப்பாங்களாமே. போட்டுருங்க தம்பி. அவரத் தூக்க ஆளு வேணும்."

சரி அக்கா என்றேன். வேறென்ன சொல்வது?

ஐந்து மணிக்கு மரியம் கடைக்குப் போனேன். சந்திரமதியும் கிளினிக்கிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். துக்க வீட்டுக்குச் சேர்ந்து போக. மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டேன். பாதி எண்கள் மாறிப்போயிருந்தன. பிறகு திரும்பவும் கம்பெனிக்குப் போட்டேன். இந்த முறை எடுத்தவள் கோகிலா என்று பெயர் சொன்னாள்.

"தமிழா நீங்க?"

"ஆமா அங்கிள். ஊரு ஈப்போ. சொல்லுங்க, என்ன பிரச்சனை?"

தமிழில் சொல்ல ஆள் கிடைத்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாசாமி உட்பட. அவள் குறுக்கே பேசவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள் போல.

"அங்கிள், மேல மூலையில உ, முருகன் துணைன்னு இருக்கே."

"ஆமாம்மா. அது நல்லாத்தான் வருது. அதுல ஒன்னும் கோளாறு இல்ல."

"அது வெப்சைட் டிசைன்லயே வருதா, நீங்களா எங்கயாச்சும் போட்டீங்களா?"

"நான்தான் போட்டேன். அந்தக் கான்ஃபிக் கோப்பு இருக்குல்ல, அதோட தலையில."

அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுவது போல ஒரு சத்தம். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"சாரி அங்கிள். சாவு வீட்டுச் சேதி, சிரிக்கக் கூடாது. ஏன் போட்டீங்க?"

"பின்ன, போடாம எப்படிம்மா ஆரம்பிக்கிறது?"

"எங்க அப்பாவும் இப்படித்தான். செக்குல கூட போட்டாரு, பேங்க்ல திருப்பிட்டாங்க." பிறகு நிதானமாகச் சொன்னாள். "அந்தக் கோப்புல மொத எழுத்தே அந்தச் சாஞ்ச கொம்பாத்தான் இருக்கணும். அதுக்கு முன்னால எது இருந்தாலும் மெஷின் அத நேரா பக்கத்துல கொட்டிரும். ஆள உள்ள விடறதுக்கு ஒரு அடையாளம் குடுக்கணும், அதான் குக்கீ. அத எல்லாத்துக்கும் முன்னால குடுக்கணும். அதுக்குள்ள நீங்க போட்டது வெளிய வந்துருது. அதான் எதிர்பாக்காதது வந்துருச்சுன்னு சொல்லுது."

மரியம் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "யா அல்லாஹ்! நாம அதப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தோமேண்ணே."

அழிக்கலாமா என்று தலைவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் கொதித்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பிள்ளையாரத் தூக்கி வெளிய போடறியா? சங்கம் வெளங்குமா?"

"உள்ள போகலன்னா சேதி போட முடியாது தலைவரே."

"ஞாயித்துக்கிழமை வாசலக் காட்டு, போதும். காசு வாங்கித் தர்றேன். அவரு மேல கைய வச்ச, நானே கூட்டத்துல எழுந்து வேணாம்னு சொல்லிருவேன். அப்புறம் நீயாச்சு உன் கடனாச்சு."

போனை வைத்துவிட்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொடாமல் விட்டால் இருநூற்றுப் பதினான்கு வெள்ளி அறுபது காசு போய்விடாது, ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்துவிடும். தொட்டால் வராமல் போகலாம். சாரதாம்பாள் அக்காளுக்கு, போட முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. உடம்பு அதைத்தான் செய்யச் சொன்னது. ஆனால் எனக்கும்தான் அதை அழிக்கக் கை வரவில்லை. தலைவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. நான் கற்ற முதல் எழுத்து அது.

நாற்காலியிலிருந்து சந்திரமதி கேட்டாள்.

"இது என்ன போடறதுக்கு உண்டாக்கின எடம்?"

"தெரியாத மாதிரி கேக்கிற. சாவுச் சேதி போடத்தான்."

"சாவுச் சேதிக்கு யாருங்க தலையில சுழி போடுவா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பெரிதாக ஏதோ சொல்லிவிட்ட மாதிரியெல்லாம் இல்லை.

"எங்கப்பா செத்தப்ப நீங்கதானே ஊருக்குக் கடுதாசி எழுதுனீங்க. மொட்டையாத்தானே எழுதுனீங்க."

உண்மைதான். நல்ல காரியத்துக்குப் போடுவது, துக்கத்துக்கு நாங்கள் போடுவதில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோம் என்ற நினைப்பில் எதைத் தொடங்குகிறோம் என்பதையே மறந்துவிட்டோம். கோப்பைத் திறந்து இரண்டு வரியையும் அழித்து, மேலே ஏற்றினேன். சாவியைக் கொடுத்தேன்.

சிவப்புப் பெட்டி.

மூலையில் ஒன்றுமே இல்லை, வெறுமை. ஆனாலும் சிவப்புப் பெட்டி. என் முதுகில் அன்றைக்குத் தூக்கிய பெட்டிகள் எல்லாம் திரும்ப ஏறிக்கொண்டன. "தலைவர் வாய் முகூர்த்தம்," என்றேன். மரியம் போனை எடுத்துக் கம்பெனி எண்ணைப் போட்டு, கோகிலாவைக் கேட்டு வாங்கி என் காதில் வைத்தாள்.

"அங்கிள், சேமிக்கறப்ப கீழ என்ன இருக்குன்னு பாருங்க."

"யூடிஎஃப்."

"ஆ, அதான். உ போட்டப்ப அத எடுத்திருக்கீங்க. நோட்பேட் அதுக்குன்னு தலையில ஒரு குறி வச்சிரும். கண்ணுக்குத் தெரியாது. எழுத்த அழிச்சாலும் அது போகாது. ஆன்சின்னு மாத்திச் சேமிங்க, போயிரும்."

நம் கண்ணுக்குத் தெரியாதது மெஷின் கண்ணுக்குத் தெரிகிறதாம். மாற்றிச் சேமித்தேன். ஏற்றினேன். சாவியைக் கொடுத்தேன். திரை ஒரு முறை வெள்ளையாகி, பிறகு கறுப்புப் பட்டை ஒன்று இடப்பக்கம் விரிந்தது. உள்ளே வந்துவிட்டேன். ஒருவரும் கை தட்டவில்லை. மரியம், மஃரிப் தொழுகை நேரமாகிறது என்று எழுந்து உள்ளே போனாள். நான் அப்பாசாமியின் பெயர், வீட்டு முகவரி, எடுக்கும் நேரம் மூன்றையும் மொட்டையாக எழுதிப் போட்டுவிட்டு, சந்திரமதியை ஏற்றிக்கொண்டு செமாபோக்குக்குப் போனேன்.

மறுநாள் துக்க வீட்டில் கூட்டம் பெரிதாக இல்லை. வழக்கமாக வருகிறவர்கள்தான். ஆனால் மூன்று மணிக்குச் சற்று முன்னால், புக்கிட் ரம்பாயிலிருந்து ஒருவர் தனியாக வேர்த்து விறுவிறுத்து வந்தார். அப்பாசாமியோடு சேர்ந்து கூரை வேலை பார்த்தவராம். அவருக்கு நான் போன் போடவே இல்லை, அவர் எண் என்னிடம் இல்லை. ரசீதில் இருந்த முகவரியை மகள் போனில் தட்டிக் காட்டினாளாம். கேட்காமலே முன்னால் வந்து, பெட்டியின் தலைமாட்டில், எப்போதும் அப்பாசாமி நிற்கும் இடத்தில் தோள் கொடுத்தார். தலைவரும் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். என்னோடு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம். மரியம் தன் லேப்டாப்பையும் கொடுத்து, வந்து பின் வரிசையில் உட்கார்ந்தாள். உறுப்பினர் இல்லை அவள். தன் காசு என்ன ஆகிறது என்று பார்க்க வந்தவள். பக்கத்தைத் திறந்தேன். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் சங்கத்தின் பெயரும் அதன் கீழ் அப்பாசாமியின் பெயரும் விழுந்தன. தலைவர் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். நான் நின்றபடியே காத்திருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

முன் வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"தலையில ஒன்னுமே காணமே. ஒரு பிள்ளையார் சுழி கூட போடாமயா சங்கத்து காரியத்த ஆரம்பிச்சீங்க?"

தலைவர் சுவரை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்தார்.

"ஏன்யா, கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா? அப்பாசாமி பேரு இருக்குதுல்ல? துக்கச் சேதிக்கு எவன்யா சுழி போடுவான்? வெவரம் தெரியாம பேசிக்கிட்டு." செருமினார். "செலவு இருநூத்திப் பதினாலு அறுபது. பாஸ் பண்றேன். யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?"

இல்லை. பின் வரிசையில் மரியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

பொருளாளர் கொடுத்த பணத்தை மறுநாள் வேலை விட்டு வரும் வழியில் மரியம் கடையில் கொடுத்தேன். எண்ணாமல் மேசைக்குள் போட்டாள்.

"சரியாப் போச்சுண்ணே. எங்க வீட்டாளுக்கு ஒன்னும் தெரியாது." பிறகு, நான் வாசலைத் தாண்டும்போது, "அடுத்த வருசமும் கட்டணும், ஞாபகம் இருக்குல்ல?" என்றாள்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் தங்கச்சி," என்றேன்.